முகூர்த்தமும் சீசனும்: உதகையில் கோடை விருந்தினரின் பொழுது

தமிழ் அகத்திணை மரபு மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சியைத் தலைவனும் தலைவியும் கூடும் நிலமாக வகுத்தது. ஆயினும் அக்கூடலுக்கு அது ஒதுக்கிய பெரும்பொழுது, அதாவது ஆண்டின் பருவம், கூதிரும் முன்பனியுமே அன்றி வேனில் அன்று. வேனில் பாலைக்கு உரியது. பாலையின் ஒழுக்கமோ பிரிவு. கத்திரி வெயிலுக்குத் தப்பி மலையூரில் மணவிழா வைப்பதும், அதற்கு வந்த உறவினர் முகூர்த்தம் முடிந்த கையோடு ஏரிக்கும் பூங்காவுக்கும் புறப்படுவதும் இலக்கண நூலார் கண்டிராத வழக்கங்கள். இவ்வழக்கம் உருவாகி வளர்ந்த வரலாற்றை நீலகிரி மலைமேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்த உதகமண்டலத்தைப் போலத் தெளிவாகக் காட்டும் ஊர் தமிழ்நாட்டில் வேறில்லை. அவ்வரலாற்றில் சுருங்கிப் போன இரண்டு நீண்ட வழக்கங்கள் ஒன்றையொன்று சந்திக்கின்றன: ஒன்று சமவெளியின் பல நாள் கல்யாணம், மற்றொன்று ஆங்கிலேயரின் பல மாத மலைவாசம்.

வசதி படைத்த குடும்பங்களில் கல்யாணம் நான்கு நாள், ஐந்து நாள் என நீண்ட காலத்தில், வண்டி கட்டி வந்த உறவினர் அத்தனை நாளும் பெண் வீட்டிலோ பக்கத்து வீட்டுத் திண்ணையிலோ தங்கினர். அவர்களுடைய பொழுதும் பந்தலுக்குள்ளேயே கழிந்தது. மாலையில் நாகசுரக் கச்சேரி, இரவில் சதிராட்டமோ கதாகாலட்சேபமோ, இடையில் சம்பந்தி உபசாரம், அதைச் சாக்கிட்டு ஒரு சிறு சண்டை, பெண்டிருக்கு நலங்கு என அது நிறைந்திருந்தது. நலங்கு என்பது மணமக்களை எதிரெதிரே உட்கார வைத்து, தேங்காய் உருட்டவும், ஒருவர் தலையைச் சுற்றி மற்றவர் அப்பளம் உடைக்கவும், மஞ்சளும் சந்தனமும் பூசிக் கொள்ளவும் செய்து, சுற்றியிருப்போர் பாட்டாலும் கேலியாலும் மகிழும் விளையாட்டு. அலுவலக விடுப்பும் மண்டப வாடகையும் கல்யாணத்தை ஒன்றரை நாளாக்கிய பின்னர் விருந்தினரின் பொழுதைப் பந்தல் தன்னுள் வைத்துக்கொள்ள முடியவில்லை. தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுப் பந்தியும் ஓய்ந்தபின் கையில் மிஞ்சிய அரை நாளை, மண்டபம் இருக்கும் ஊரே நிரப்ப வேண்டியதாயிற்று.

நீலகிரியில் விருந்தினர் பொழுது ஆங்கிலேயர் வந்த பிறகே தொடங்கிற்று என்று எண்ணுவது பிழை. எருமை மேய்த்து வாழ்ந்த தோடர்களுக்கும், ஹட்டி எனப்படும் ஊர்களில் வேளாண்மை செய்த படுகர்களுக்கும், இசைக் கருவியும் இரும்பும் மண்பாண்டமும் செய்து கொடுத்த கோத்தர்களுக்கும் தத்தம் விழாக்களும் அவற்றுக்கு வரும் உறவினரை நடத்தும் முறைகளும் இருந்தன. தோடரிடையே கருவுற்ற மனைவிக்குக் கணவன் செடியால் செய்த சிறு வில்லையும் அம்பையும் மரத்தடியில் கொடுத்து, பிறக்கப்போகும் குழந்தைக்குத் தகப்பன் தானே என்று ஊரறிய ஒப்புக்கொள்ளும் சடங்கு உண்டு. அந்த நாளில் கூடுவோருக்கு விருந்து நடக்கும். ஆடவர் கைகோத்து வட்டமாக அடியெடுத்து வைத்து ஓதிப் பாடுவர். படுகர் கல்யாணத்தில் வெள்ளாடை உடுத்த ஆண்களும் பெண்களும் இசைக்கு ஏற்ப வட்டமிட்டு ஆடும் ஆட்டம் இன்றும் முக்கியமானது. வெளியூரிலிருந்து வந்தவரையும் அது வட்டத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. மலையில் விருந்தினரை வேடிக்கை பார்ப்பவராக வைத்திராமல் ஆட்டத்தில் பங்கேற்பவராக ஆக்கும் பொழுதுபோக்கு இது ஒன்றே எனலாம். பின்னர் வந்தவை எல்லாம் காட்சிகளே.

திப்பு சுல்தான் வீழ்ந்த 1799ஆம் ஆண்டுக்குப் பிறகு நீலகிரி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தபோதும், 1819இல் கோவை மாவட்ட ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறி வரும்வரை கம்பெனியார் அதைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. அவர் முதலில் கோத்தகிரிக்கு அருகில் கன்னேரிமுக்கிலும், பின்னர் 1822இல் தொடங்கி உதகையிலும் வீடு கட்டினார். உதகையில் எழுந்த அந்தக் கல் வீடு அவ்வூரின் முதல் ஐரோப்பிய இல்லம். இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் நிற்கிறது. உதகமண்டலம் என்ற பெயர் ஒத்தைக்கல் மந்து என்பதிலிருந்து வந்ததென்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். மந்து என்பது தோடர் குடியிருப்பு. ஆகவே ஊரின் பெயரிலேயே முதற்குடிகளின் உரிமை பதிந்திருக்கிறது. சமவெளி வெயிலிலும் காய்ச்சலிலும் நலிந்த சிப்பாய்களும் அதிகாரிகளும் உடல் தேறுவதற்கான இடமாகவே சல்லிவன் இம்மலையை அரசுக்குப் பரிந்துரைத்தார். உல்லாசம் அவர் நோக்கத்தில் முதலிடம் பெறவில்லை. உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் முதலிய குளிர்நாட்டுக் காய்களை இங்கே பயிரிடச் செய்ததிலும் இதே பயன்நோக்குத் தெரிகிறது.

உடல் தேற வந்தவர்களுக்குத் தேறிய பிறகு என்ன செய்வதென்று தெரியாமற் போனது. 1847இல் நோய் விடுப்பில் உதகைக்கு வந்த ரிச்சர்டு பர்ட்டன் என்ற இளம் அதிகாரி, பிற்காலத்தில் பெரும் பயணியாகப் புகழ்பெற்றவர், இங்கு பொழுது நகராமல் சலித்ததை 1851இல் வெளியிட்ட நூலில் எழுதிவைத்தார். அச்சலிப்பு அவர் ஒருவருக்கே உரியதன்று. ஊருக்குள் பல வாரம் தங்கியிருந்த, வேலையற்ற, நோயும் இல்லாத ஒரு கூட்டத்தின் சலிப்பு அது. உதகையின் பொழுதுபோக்குகள் அந்தச் சலிப்பைத் தீர்ப்பதற்காகப் புதிதாகக் கட்டப்பட்டவை என்று தோன்றலாம். அவற்றுள் பெரியவற்றின் தோற்றத்தைப் பார்த்தால் உண்மை வேறு: அவை ஒவ்வொன்றும் முதலில் ஒரு தேவைக்காக எழுந்தன, பிறகே விளையாட்டாக மாறின.

ஏரி அதற்கு முதற்சான்று. 1824ஆம் ஆண்டையொட்டி, மலைச் சரிவுகளிலிருந்து இறங்கும் ஓடைகளுக்குக் குறுக்கே கரை எழுப்பிச் சல்லிவன் இதை உருவாக்கியது வேளாண்மைக்கு நீர் தேக்கும் எண்ணத்தில். பின்னர் மீன்பிடிப்பும் படகுப் போக்குவரத்தும் சேர்ந்தன. அதன் பின்னரே அது உலாவும் இடமாயிற்று. தொடக்கத்தில் ஏரி இன்றுள்ளதைவிடப் பெரிது. ஊர் வளர வளர ஏரி சுருங்கிற்று: இன்றைய பேருந்து நிலையமும், குதிரைப் பந்தயத் திடலும், ஏரிப் பூங்காவும் இருப்பது ஒரு காலத்தில் நீர் நின்ற நிலத்தின் மேல்தான். பேருந்திலிருந்து இறங்கும் கல்யாண விருந்தினர் ஏரிக்கு எப்படிப் போவது என்று விசாரிக்கும் இடமே பழைய ஏரியின் படுகை. படகு இல்லத்தை 1973இல் தமிழ்நாட்டுச் சுற்றுலாத் துறை ஏற்றது முதல் துடுப்புப் படகு, மிதிபடகு, மோட்டார் படகு எனப் படகுச் சவாரி எல்லாருக்கும் எட்டுவதாயிற்று. ஆனால் நகரத்தின் கழிவுநீரைச் சுமந்து கோடப்பமந்து கால்வாய் இதே ஏரியில்தான் கலக்கிறது. படகில் ஏறுவோர் மூக்கால் உணரும் இந்த உண்மை பல ஆண்டுகளாகத் தீராத குறை. உழவுக்காகத் தேக்கிய நீரை மக்கள் மகிழ்ச்சிக்காகக் காப்பதென்றால் முதலில் அக்கால்வாயைச் சீர்செய்தாக வேண்டும்.

பூங்காவின் கதையும் அவ்வாறே. 1847இல் உதகையில் குடியிருந்த ஐரோப்பியர் தங்களுக்குள் சந்தா திரட்டித் தொடங்கியது ஒரு காய்கறித் தோட்டம். நியாயமான விலையில் காய்கறி கிடைக்க வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். அதற்கு அடுத்த ஆண்டு, லண்டனை அடுத்த கியூ தாவரவியல் பூங்காவில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரகாம் மெக்கைவர் என்ற தோட்டக்கலை வல்லுநர் வந்து சேர்ந்தார். தொட்டபெட்டா மலையின் கீழ்ச்சரிவில், சதுப்பும் புதரும் கிடந்த மேட்டையும் பள்ளத்தையும் படிப்படியாகத் திருத்தி, நீர் வடித்து, நடைபாதை வகுத்து அவர் அமைத்ததே ஏறத்தாழ 55 ஏக்கர் பரப்பிலான இன்றைய அரசு தாவரவியல் பூங்கா. காய்ச்சலுக்கு மருந்தான கொயினா தரும் சின்கோனா மரத்தை 1860களில் நீலகிரியில் வளர்க்கும் பணியும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அக்காலத் தோட்டக்கலை அழகுக்கலையாக மட்டும் இருக்கவில்லை என்பது புலனாகும். இவ்வளவு பெரிய பூங்காவை வகுத்தவரின் பெயர் அதற்குள் உலாவும் பல்லாயிரம் பேரில் பெரும்பாலோருக்குத் தெரியாதிருப்பது வருத்தம் தருவது.

இப்பூங்காவில் 1896இல் தொடங்கிய மலர்க் காட்சி, இடையிடையே நின்ற ஆண்டுகள் நீங்கலாக, மே மாதந்தோறும் நடந்துவருகிறது. 2024இல் நடந்தது 126ஆவது காட்சி. அதன் நூற்றாண்டை ஒட்டி 1995இல் விஜயநகரம் பகுதியின் மலைச்சரிவில் ரோஜாப் பூங்கா அமைந்தது. மே மாதத்தில் சில நாள் மட்டும் திறக்கும் இக்காட்சிக்கான உழைப்பு பனிக்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. பனி கருக்காமல் நாற்றுகளை மூடிக் காத்து, ஆயிரக்கணக்கான தொட்டிகளுக்கு மாற்றி நட்டு, எல்லாம் ஒரே வாரத்தில் பூக்கும்படி நாளைக் கணக்கிட்டுப் பணியாளர்கள் மாதக்கணக்கில் உழைக்கின்றனர். கல்யாணத்துக்கு நாள் குறிப்பதைப் போலப் பூவுக்கும் நாள் குறித்து வைக்கும் திறமை அது. பூங்காவின் மேற்பகுதியில் தோடர் மந்து ஒன்று உண்டு. மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி மேலே புல் வேய்ந்த, பாதி பீப்பாயைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற தோடர் குடிலில் வாசல் தவழ்ந்தே நுழையும் அளவுக்குத் தாழ்ந்திருக்கும். குளிரும் காட்டு விலங்கும் உள்ளே வராமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. மலர்க் காட்சிக்கு வருவோரில் அவ்வளவு மேலே ஏறிச் செல்வோர் சிலரே.

1870ஆம் ஆண்டையொட்டிச் சென்னை மாகாண அரசு கோடைதோறும் உதகைக்குப் பெயரும் வழக்கம் நிலைபெற்றதும், சீசன் என்ற சொல் தமிழுக்குள் வந்து தங்கிற்று. ஆளுநரும் செயலாளர்களும் எழுத்தர்களும் கோப்பு மூட்டைகளும் மலையேறி, ஆண்டில் ஏறத்தாழப் பாதியை இங்கே கழித்தனர். பஞ்சமும் வெயிலும் வாட்டிய மக்களை விட்டு அரசு குளிரில் போய் அமர்வதைச் சென்னைப் பத்திரிகைகள் கண்டித்தபடியே இருந்தன. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பருவம் முதல் சீசன், மழைக்குப் பின் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வருவது இரண்டாம் சீசன் என்று உதகைக் கடைக்காரரும் ஓட்டுநரும் இன்றும் சொல்வது அந்நாளைய வழக்கின் தொடர்ச்சி. தங்குவோர் மிகுந்ததால் பொழுதுபோக்கும் மிகுந்தது. குதிரைப் பந்தயம், வெட்டவெளிப் புல்வெளிகளில் வேட்டை நாய்களுடன் நரி துரத்தல், நாய்க் கண்காட்சி, அசெம்பிளி அரங்கில் நடனமும் நாடகமும், 1859இல் தோன்றிய நீலகிரி நூலகத்தில் வாசிப்பு, கிளப்பில் பில்லியர்ட்ஸ் எனச் சீசனுக்கு ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டது. ஸ்னூக்கர் என்ற மேசைப் பந்தாட்டம் ஜபல்பூரில் பிறந்ததாயினும் அதன் விதிகள் முறைப்பட்டது ஊட்டி கிளப்பில்தான். அந்தக் கிளப்பின் வாசல் இந்தியருக்குத் திறக்கவில்லை; பல்லக்கும் நாற்காலியும் சுமந்தவர், சமைத்தவர், குதிரை பிடித்தவர் ஆகியோராகவே இந்த மண்ணின் மக்கள் அந்தக் கேளிக்கைகளுக்கு அருகில் நின்றனர். மைசூர், ஜோத்பூர் முதலிய அரச குடும்பங்கள் அரண்மனை எழுப்பியும் வாங்கியும் சீசனில் இடம்பிடித்தன. ஜோத்பூர் குடும்பத்துக்கு உரிமையாயிருந்த அரன்மோர் மாளிகை, தமிழகம் என்ற பெயருடன் இப்போது அரசு விருந்தினர் இல்லம்.

கல்யாணமும் அச்சீசனின் ஒரு பகுதியே. தனித்து வாழ்ந்த இளம் அதிகாரிகளும், பெற்றோருடன் மலைக்கு வந்த பெண்களும் நடனத்திலும் வனபோஜனத்திலும் அறிமுகமாகி மணந்துகொள்வது மலைவாசத் தலங்கள் பலவற்றிலும் நடந்தது. உதகையின் முதல் ஆங்கிலத் தேவாலயமான புனித ஸ்தேவான் ஆலயம் 1830 நவம்பரில் அருட்பொழிவு பெற்றது. அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனை ஒன்றைப் பிரித்து எடுத்து மலைமேல் ஏற்றப்பட்டவை. தோற்ற அரசனின் கூரை மரத்தின் கீழ் வென்றவர் வாழ்க்கை ஒப்பந்தம் செய்துகொண்டனர் என்பதை நினைக்கையில் அக்கட்டடத்தின் அமைதி வேறு பொருள் கொள்கிறது.

சாதாரண மக்களை மலைமேல் ஏற்றியது ரயில். 1873இல் இருப்புப்பாதை மேட்டுப்பாளையத்தை எட்டியபின்னும் அங்கிருந்து மேலே செல்ல மட்டக்குதிரை பூட்டிய டோங்கா வண்டியையோ, ஆள் சுமக்கும் நாற்காலியையோ நம்ப வேண்டியிருந்தது. மலைக்கு ரயில் விடும் எண்ணம் 1854இலேயே எழுந்தும், 1899 ஜூனில்தான் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை திறக்கப்பட்டது. 1908 அக்டோபரில் அது உதகையை அடைந்தது. 46 கிலோமீட்டரில் 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டர் உயரத்துக்கு ஏறும் இப்பாதையில் 16 சுரங்கங்களும், 208 வளைவுகளும், 250 பாலங்களும் உள்ளன. கல்லாறு நிலையம் தாண்டியதும் பல்சக்கர முறை தொடங்குகிறது: இரு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரட்டை எஃகுச் சட்டங்கள் ஓடுகின்றன, ஒன்றின் பல் இருக்குமிடத்தில் மற்றதன் இடைவெளி வருமாறு அவை முன்பின்னாகப் பொருத்தப்பட்டிருப்பதால், எஞ்சினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதேனும் ஒரு பல்லைப் பற்றியே இருக்கும், வழுக்காது. ஏறத்தாழப் பன்னிரண்டரை மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் உயரும் அவ்வளவு செங்குத்தில் எஞ்சின் பெட்டிகளை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. பெட்டிகளின் முன்முனையில் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள், கொடியசைத்தும் எஞ்சினின் ஊதலைக் கேட்டும், தத்தம் பெட்டியின் பிரேக்கைக் கையால் இயக்குகின்றனர். ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும்போது பயணிகள் டீ குடிக்க இறங்க, அவர்கள் கையிலுள்ள தின்பண்டத்துக்குக் குரங்குகள் காத்திருக்கும். ஆளையும் சரக்கையும் ஏற்றிச் செல்வதற்கென அமைந்த இப்பாதையை 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும் ரயிலில் அவசரப்படுவோர் ஏறுவதில்லை. அந்தத் தாமதமே இன்று அதன் மதிப்பு.

விடுதலைக்குப் பின் சீசன் பொதுமக்களுடையதாயிற்று. பள்ளி விடுமுறையும் சித்திரை, வைகாசி முகூர்த்த நாட்களும் ஒரே நேரத்தில் வருவதால், மண்டபங்கள் நிறையும் மாதமும் பூங்கா நிறையும் மாதமும் ஒன்றாகவே அமைந்தன. அரசின் கோடை விழா உதகையோடு நில்லாமல் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் காட்சியாகவும், கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் காட்சியாகவும், கூடலூரில் வாசனைப் பொருள் காட்சியாகவும் விரிந்தது. அக்கால விருந்தினர் மூன்று மாதத்தில் நிதானமாகக் கண்டவற்றை இக்கால விருந்தினர் ஒரு வேனில் ஏறி ஒரு பிற்பகலில் கண்டு முடிக்கிறார்: முதலில் தொட்டபெட்டா, பிறகு பூங்கா, பொழுது சாயும்முன் ஏரி, கடைசியில் சேரிங்கிராஸ் பக்கம் வர்க்கியும் யூக்கலிப்டஸ் தைலமும் வீட்டுச் சாக்லேட்டும் வாங்குதல். அடுக்கடுக்காக உரியும் வர்க்கி, ஐரோப்பியர் அடுப்படியில் தோன்றித் தமிழ் பேக்கரிக்காரர் கைக்கு வந்து இம்மண்ணின் பண்டமாகிவிட்டது. மணமக்களுக்குப் பரிசு தேடுவோர், வெள்ளைத் துணியில் சிவப்பும் கருப்புமாக நூலெண்ணித் தோடர் பெண்கள் தைக்கும் பூத்தையல் சால்வையை வாங்கலாம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அத்தையலில் முன்பக்கமும் பின்பக்கமும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். உதகையில் வாங்கத் தகுந்தவற்றுள் அதற்கு ஈடானது வேறில்லை.

பழைய சீசனின் அடையாளங்கள் சில மறைந்துகொண்டிருக்கின்றன. ஏரிப் படுகையில் நெடுங்காலம் குதிரை ஓடிய பந்தயத் திடலை, குத்தகை நிலுவை வழக்கின் முடிவில் 2024இல் தமிழ்நாடு அரசு மீட்டது. மலை தாங்கும் அளவை மீறி வண்டிகள் ஏறுவதால், சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025இன் சீசனுக்கு நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வெளியூர் வாகனங்கள் என வரம்பும் விதிக்கப்பட்டது. பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் பைக்கும் மாவட்டத்தில் தடை இருக்கிறது. எனவே உதகையில் கோடைக் கல்யாணம் வைப்போர் அழைப்பிதழுடன் இவ்விவரங்களையும் உறவினருக்குத் தெரிவித்துவிடுதல் வேண்டும். அரசுப் பேருந்திலும் மலை ரயிலிலும் வருவோருக்கு இ-பாஸ் தேவையில்லை.